சாரதியின் சுயமதிப்பு

இங்கிலாந்தில் மோட்டார் வண்டி ஓட்டுவோர் லைசென்ஸ் பெற்றாக வேண்டும் என்னும் விதி 1904-ஆம் ஆண்டு ஜனவரி 1-ஆம் தேதி அமலுக்கு வந்தது. அதற்கு முந்திய ஆண்டில் பார்லிமெண்டில் நிறைவேறிய மோட்டார் கார் சட்டத்தின்படி, 17 வயது நிரம்பிய எவரும் உள்ளூர்ச் சபையின் அலுவலகத்தில் 5 ஷில்லிங் கட்டணம் செலுத்தினால் லைசென்ஸ் கையில் கிடைத்துவிடும். அவர் வண்டியைக் கிளப்ப அறிவாரா, இறக்கத்தில் நிறுத்த அறிவாரா, எதிரே வரும் குதிரை மிரண்டால் செய்ய வேண்டியது இன்னதென்று அறிவாரா என்றெல்லாம் விசாரிக்கும் கடமை அந்த அலுவலகத்துக்குக் கிடையாது. தமக்கு ஓட்டத் தெரியும் என்று ஒருவர் நம்பினால், அந்த நம்பிக்கையே அவருக்குரிய யோக்கியதாபத்திரமாக விளங்கிற்று. இந்த ஏற்பாடு 31 ஆண்டுக் காலம் நீடித்தது என்பது இன்று நமக்கு வியப்பளிக்கலாம்; ஆயினும், தன் திறமையைப் பற்றி மனிதன் கொண்டிருக்கும் அபிப்பிராயத்தை ராஜாங்கமும் கல்வியும் எவ்வாறு நடத்தி வந்தன என்னும் சரித்திரத்துக்கு இதுவே சரியான தொடக்கம். முதலில் அந்த அபிப்பிராயம் போதிய சாட்சியாக ஏற்கப்பட்டது; பிறகு அதை எவரும் பொருட்படுத்தவில்லை; அதற்கும் பிறகு, அதையே தனியாகப் பிரித்தெடுத்து அளந்து பார்க்க வேண்டும் என்ற எண்ணம் உதித்தது.

1934-இல் பிரிட்டிஷ் சாலைகளில் 7,343 பேர் மாண்டனர். 2,31,603 பேர் காயமுற்றனர். அன்று ஓடிய வண்டிகள் இன்றைய எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் மிகச் சொற்பம் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்தத் தொகையின் கொடுமை விளங்கும். போக்குவரத்து மந்திரியாக அப்போது பதவியேற்ற லெஸ்லி ஹோர்-பெலிஷா, ஊர்களுக்குள் மணிக்கு 30 மைல் என்ற வேக வரம்பையும், பாதசாரிகள் கடக்குமிடங்களில் மஞ்சள் விளக்குக் கம்பங்களையும், புதிதாக ஓட்ட வருவோருக்குப் பரீட்சையையும் ஏற்படுத்தினார். 1935 மார்ச்சில் விரும்புவோர்க்கு மட்டும் என்று தொடங்கிய அப்பரீட்சை, ஜூன் 1 முதல் கட்டாயமாயிற்று. பரீட்சைக்கென்று கட்டடங்கள் அப்போது இல்லாமையால், ரெயில்வே ஸ்டேஷன் வாசலிலோ பூங்காவின் அருகிலோ பரீட்சகரும் மாணவரும் சந்தித்துக்கொள்வார்கள். 7 ஷில்லிங் 6 பென்ஸ் கட்டணம் கொடுத்தவர், தம் பக்கத்தில் அந்நியர் ஒருவரை உட்கார வைத்துக்கொண்டு, கையை வெளியே நீட்டி சைகை காட்டியும், வளைவுகளில் திருப்பியும், வண்டியைப் பின்னோக்கிச் செலுத்தியும் தம் வித்தையை நிரூபிக்க வேண்டும். கற்றுக்கொள்பவர் என்பதை ஊருக்கு அறிவிக்கும் 'எல்' பலகையும் அந்த ஆண்டிலேயே வந்தது. வெள்ளைப் பின்னணியில் சிவப்பெழுத்தாகிய அதே அடையாளம், நம் நாட்டுச் சாலைகளிலும் பயிற்சிப் பள்ளி வண்டிகளின் நெற்றியில் இன்றைக்கும் திகழ்கிறது.

இந்தச் சீர்திருத்தம் மகத்தானது என்பதில் எனக்கு ஐயமில்லை. எனினும் அதில் இரண்டு அம்சங்கள் கவனிக்கத்தக்கவை. 1934 ஏப்ரல் 1-ஆம் தேதிக்கு முன்பே ஓட்டத் தொடங்கியிருந்தவர்களுக்குப் பரீட்சை இல்லை. நெடுநாள் ஓட்டியவர்கள் நன்றாக ஓட்டத் தெரிந்தவர்களாகவே இருப்பார்கள் என்று சட்டம் கருதியதால், லட்சக்கணக்கானோர் தம் ஆயுள் முழுவதும் பிறரொருவர் தீர்ப்புக்கு உட்படாமலே வண்டி செலுத்தினர். இரண்டாவது அம்சம் இன்னும் நுட்பமானது. பரீட்சகர் மாணவரின் கையைப் பார்த்தார், காலைப் பார்த்தார், சாலை விதிகளைக் குறித்துச் சில கேள்விகள் கேட்டார், ஆனால், "நீர் எவ்வளவு நன்றாக ஓட்டுவதாக உமக்குத் தோன்றுகிறது?" என்ற கேள்வியை மாத்திரம் கேட்கவில்லை. நேற்று வரையில் எந்த அபிப்பிராயத்தின் பேரில் லைசென்ஸ் வழங்கப்பட்டதோ, அது இன்று விசாரணைக்கே உரியதல்ல என்று ஒதுக்கப்பட்டது. இடையில், சூயஸ் நெருக்கடியால் பெட்ரோல் பங்கீடு ஏற்பட்டபோது, 1956 நவம்பர் முதல் மறு ஏப்ரல் வரையில் பரீட்சைகள் நிறுத்தப்பட்டன. பரீட்சகர்கள் பெட்ரோல் பங்கீட்டு வேலைக்குச் சென்றார்கள். கற்றுக்கொள்பவர்கள் துணைக்கு ஆளில்லாமல் தனியே ஓட்டலாம் என்று அனுமதி அளிக்கப்பட்டது. அந்தச் சில மாதங்களில், சாலையில் இறங்கலாமா கூடாதா என்பதைப் பழையபடி அவரவர் மனமே தீர்மானிக்க வேண்டியதாயிற்று.

மனோதத்துவ சாஸ்திரிகளும் நெடுங்காலம் இக்கேள்வியின் பக்கம் திரும்பவில்லை. ஹார்வர்டு சர்வகலாசாலையில் ஆசிரியராயிருந்த ஹூகோ மூன்ஸ்டர்பெர்க், பாஸ்டன் நகர டிராம் ஓட்டிகளைச் சோதிப்பதற்காக ஒரு கருவியை அமைத்து, அதைத் தம் 1913-ஆம் ஆண்டு நூலில் விவரித்திருக்கிறார். சிறிய ஜன்னலின் வழியே தெரியும் நீண்ட அட்டை. நடுவே தண்டவாளத்தைக் குறிக்கும் இரு கோடுகள். இருமருங்கிலும் கட்டங்களில் 1, 2, 3 என்னும் இலக்கங்கள். 1 என்பது நடந்து செல்பவன். 2 என்பது அதனினும் இரு மடங்கு விரைவாகச் செல்லும் குதிரை. 3 என்பது மோட்டார். கறுப்பு இலக்கங்கள் தண்டவாளத்துக்கு இணையாகச் செல்பவை, அவற்றால் அபாயமில்லை. சிவப்பு இலக்கங்கள் குறுக்கே வருபவை. எந்தெந்தச் சிவப்பு இலக்கம் சரியாகத் தண்டவாளத்தின் மேல் வந்து சேரும் என்பதை டிராம் ஓட்டி கணத்தில் சொல்ல வேண்டும். எத்தனை அழகிய கற்பனை! கவனத்தையும் வேகத்தையும் ஒருங்கே நிறுத்துப் பார்க்கும் தராசு அது. முதல் உலக யுத்தத்தின்போது ஜெர்மானிய ராணுவத்துக்கு லாரி ஓட்டிகளைத் தேர்ந்தெடுத்த வால்தர் மோடே முதலியோரின் சோதனைகளும் இதே வழியைச் சேர்ந்தவைதாம். கண், காது, கை, கவனம் யாவும் அளக்கப்பட்டன. ஆனால், அளக்கப்படுகிறவன் தன்னைப் பற்றி என்ன நினைத்தான் என்பதை எவரும் ஏட்டில் குறிக்கவில்லை.

குறிக்கத் தொடங்கியது 1965-இல் என்று சொல்லலாம். அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் கரோலின் பிரெஸ்டன், ஸ்டான்லி ஹாரிஸ் என்னும் இருவர், விபத்தில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடந்த 50 சாரதிகளைப் பேட்டி கண்டனர். அவர்களுக்கு வயது, கல்வி முதலியவற்றில் ஒத்தவர்களாய், விபத்தில் சிக்காத வேறு 50 பேரையும் கண்டனர். மிக மோசம் என்பது முதல் வல்லவர் என்பது வரையில் படிகள் அமைந்த ஓர் அளவுகோலில் தம்மைத் தாமே எங்கே வைப்பீர்கள் என்று இரு சாராரையும் கேட்டபோது, இரு சாராரும் ஏறக்குறைய ஒரே இடத்தில், அதாவது வல்லவர் என்னும் முனைக்கு அருகில், தம்மை வைத்துக்கொண்டனர். ஆஸ்பத்திரியில் கிடந்த 50 பேரில் 34 பேர் விபத்துக்குத் தாமே காரணம் என்பது போலீஸ் பதிவேட்டில் இருந்தது. எலும்பு முறிந்து கட்டிலில் கிடப்பவனுக்கும் தன் ஓட்டும் திறத்தைப் பற்றிய அபிப்பிராயம் முறியவில்லை என்னும் இந்தச் செய்தியை, அம்மனிதர்களின் அகம்பாவத்துக்கு அத்தாட்சியாக நான் கொள்ள மாட்டேன். ஆண்டாண்டாக ஆயிரக்கணக்கான தடவை சாலையில் சென்று சேதமின்றி வீடு திரும்பிய ஒருவனுக்கு, ஒரே ஒரு நாளின் சம்பவம் தன் திறமையின் குறையாகத் தோன்றாமல் எதிரே வந்தவனின் தவறாகவோ மழையின் கொடுமையாகவோ தோன்றுவது இயற்கை. சாலை தன் மாணவனின் தவறுகளைப் பெரும்பாலும் தண்டிப்பதில்லை. பத்தில் ஒன்பது தடவை பிறருடைய எச்சரிக்கையே அவனைக் காப்பாற்றிவிடுகிறது. காப்பாற்றப்பட்டோம் என்பதே அவனுக்குத் தெரிவதில்லை.

1981-இல் ஓலா ஸ்வென்சன் என்னும் ஸ்வீடிஷ் ஆராய்ச்சியாளர் வெளியிட்ட சிறு கட்டுரை, இத்துறையில் மிகுதியாக எடுத்தாளப்படுவதாயிற்று. அமெரிக்காவிலும் ஸ்வீடனிலுமாக 161 மாணவர்களை, தம்முடன் அச்சோதனையில் பங்குகொண்ட மற்றவர்களோடு ஒப்பிட்டுத் தம் இடத்தைக் குறிக்கும்படி அவர் கேட்டார். திறமையில் தாம் மேல் பாதியைச் சேர்ந்தவர் என்று அமெரிக்கரில் நூற்றுக்கு 93 பேரும், ஸ்வீடிஷ்காரரில் 69 பேரும் கருதினர். பத்திரமாக ஓட்டுவதில் முறையே 88 பேரும் 77 பேரும் அவ்வாறு கருதினர். மேல் பாதியில் பாதிப்பேரே இருக்க முடியும் என்பதால், இக்கணக்கைக் கண்டவர்கள் மனித சுபாவத்தைக் கடிந்துகொள்ளத் தலைப்பட்டனர். ஆனால் இந்த அளவுகோலில் ஒரு சங்கடம் உண்டு. நன்றாக ஓட்டுதல் என்பதற்கு ஒருவர் சாமர்த்தியமாக முந்திச் செல்வது என்று பொருள் கொள்கிறார். மற்றொருவர் ஒருபோதும் முந்தாமலிருப்பது என்று கொள்கிறார். அவரவர் இலக்கணத்தின்படி இருவருமே சிறந்த சாரதிகள். பின்னாளில், 1995-இல், ஹெல்சிங்கியில் டிமோ லாயுனென், ஹெய்க்கி சும்மாலா என்னும் இருவர் வகுத்த வினாப்பட்டியல் இந்தச் சிக்கலை ஓரளவு அவிழ்த்தது. வண்டியை லாகவமாகக் கையாளும் திறமை ஒருபுறம், வேக வரம்பை மதித்தல், முன் வண்டிக்கு இடைவெளி விடுதல் போன்ற பாதுகாப்பு நோக்கம் மறுபுறம் என்று சுயமதிப்பை அது இரண்டாகப் பிரித்துக் கேட்டது. ஒன்றில் தன்னை உயர்வாகக் கருதுபவன் மற்றொன்றில் அவ்வாறு கருத வேண்டும் என்பதில்லை.

ஸ்வீடன் என்றதும், அந்நாட்டில் ஸ்வென்சனின் கட்டுரைக்கு 14 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த ஒன்றை இங்கே சொல்லாமல் கடக்க எனக்கு மனமில்லை. அதுவரையில் சாலையின் இடப்பக்கத்தில் சென்று பழகிய ஸ்வீடிஷ் மக்கள், 1967 செப்டம்பர் 3-ஆம் தேதி விடியற்காலையில் வலப்பக்கத்துக்கு மாறினார்கள். 5 மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கையில் சாலையிலிருந்த வண்டிகள் யாவும் நின்றன. மெதுவாக மறுபக்கத்துக்கு நகர்ந்து மறுபடியும் நின்றன. மணி 5 அடித்ததும் புறப்பட்டன. பெருத்த சேதம் விளையும் என்று அஞ்சியவர் பலர். விளைந்ததோ அதற்கு நேர்மாறு: விபத்துகள் குறைந்தன, இரண்டாண்டுக் காலத்தில் பழைய நிலைக்குத் திரும்பின. ஒரு தேசம் முழுவதும், முப்பது வருஷம் ஓட்டியவர்கள் உட்பட, ஒரே காலையில் கற்றுக்குட்டிகளாக மாறி, தம் கையையும் கண்ணையும் முழுக்க நம்பாமல் நடந்துகொண்டதன் பலன் அது. பழக்கம் திரும்பியபோது நம்பிக்கையும் திரும்பிற்று. நம்பிக்கையோடு விபத்தும் திரும்பிற்று. சோதனைச்சாலை எதிலும் இவ்வளவு பெரிய பிரயோகத்தைச் செய்து பார்த்திருக்க முடியாது.

வடதேசங்களில் ஆண்டில் பல மாதங்கள் சாலையில் பனி உறைந்து கிடக்கும். உறைபனியில் பிரேக்கை அழுத்தினால் சக்கரம் நிற்கும், வண்டி நிற்காது. சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும்போது ஸ்டியரிங்கை எப்பக்கம் திருப்பினாலும் வண்டி தன் போக்கிலேயே செல்லும். ஆகவே, வழுக்கும் தளங்களை அமைத்து, அவற்றில் வண்டியை அடக்கியாளப் பழக்கிவிட்டால் பனிக்கால விபத்துகள் குறையும் என்று கருதியது இயல்பே. நார்வே 1979-இல் இப்பயிற்சியைக் கட்டாயமாக்கிற்று. பிறகு கணக்குப் பார்த்தபோது, இளைஞர்களாகிய ஆண்கள் வழுக்குச் சாலைகளில் விபத்துக்குள்ளாவது குறையாததோடு, அதிகரித்தும் இருந்தது. நல்லெண்ணத்தோடும் பொருட்செலவோடும் ஏற்படுத்திய ஒரு படிப்பு தீங்கு விளைத்தது என்ற இந்தச் செய்தியை ஏற்பதற்கு எத்தனை மனவலிமை வேண்டியிருந்திருக்கும்! வித்தையைக் கற்றவன், வித்தை கைவசமிருக்கிறது என்ற தெம்பில், முன்பு அஞ்சி ஒதுங்கிய பனிச் சாலையில் துணிந்து இறங்கினான், முன்னிலும் விரைந்து சென்றான் என்பதே பலரும் கூறிய விளக்கம். ஆனால் விளக்கம் வேறு, நிரூபணம் வேறு. நிரூபிக்க வேண்டுமானால் அந்தத் தெம்பையே அளந்து காட்ட வேண்டும்.

அந்த வேலையை மேற்கொண்டவர், லின்ஷோப்பிங் நகரத்திலுள்ள ஸ்வீடிஷ் சாலைப் போக்குவரத்து ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த நில்ஸ் பெட்டர் கிரெகர்சன். 1996-இல் வெளியான அவருடைய பரிசோதனை, எளிமையால் என் மனத்தைக் கவர்ந்தது. இன்னும் லைசென்ஸ் பெறாத, கற்றுக்கொண்டிருந்த 53 பேரை அவர் எடுத்துக்கொண்டார். குலுக்கிப் போட்டு இரு கூட்டமாகப் பிரித்தார். இரு கூட்டத்தாருக்கும் வழுக்குத் தளத்தில் அரைமணி நேரம் பயிற்சி. ஒரு கூட்டத்தாருக்கு, ஆபத்து நேருகையில் பிரேக்கை எப்படிப் பிடிப்பது, வண்டியை எவ்வாறு விலக்கித் தப்புவது என்னும் வித்தை கற்பிக்கப்பட்டது. அவர்கள் அதைத் திரும்பத் திரும்பச் செய்து பழகினார்கள். மற்றக் கூட்டத்தாருக்கும் அதே தளம், அதே ஆபத்து. ஆனால் தங்கள் திறமையை எப்போதும் நம்பியிருக்க முடியாது, ஒரு தடவை கைகூடியது மறு தடவை கைகூடாமற்போகலாம் என்பதை அவர்கள் தாமே உணரும்படி பயிற்சி அமைந்தது. ஒரு வாரம் கழித்து எல்லோரும் மறுபடியும் அழைக்கப்பட்டனர். வண்டியில் ஏறுமுன், "எவ்வளவு நன்றாகச் செய்வீர்கள்?" என்று கேட்கப்பட்டது, பிறகு செய்து காட்டினார்கள். வித்தை கற்றவர்கள் தம்மைப் பற்றிக் கூறிய மதிப்பு, மற்றவர்கள் கூறியதைவிட உயர்ந்திருந்தது. செய்து காட்டியதிலோ இரு கூட்டத்துக்கும் வேற்றுமை இல்லை.

அந்த அரைமணி நேரம் முதற் கூட்டத்தாருக்கு எதைக் கொடுத்தது என்று யோசித்துப் பார்த்தால் மனம் நிலைகொள்ளாது. ஒரு வாரத்துக்குப் பின் எஞ்சியிருந்தது வித்தையன்று, வித்தை இருக்கிறது என்ற எண்ணம் மாத்திரமே. பயிற்சித் தளத்தில் ஆசிரியர் அருகிலிருக்கிறார்; ஆபத்து எந்த இடத்தில் வரும் என்பது முன்கூட்டியே தெரியும்; வேகமும் வரையறுக்கப்பட்டது; ஆகையால் மூன்றாவது நான்காவது தடவையில் யாருக்கும் வெற்றி கிட்டுகிறது. அந்த வெற்றியின் களிப்பு உள்ளத்தில் தங்கிவிடுகிறது. அதற்குக் காரணமாயிருந்த சௌகரியங்களோ சாலையில் கூட வருவதில்லை. இந்நுட்பத்தை உணர்ந்தபின் ஸ்வீடனில் வழுக்குத் தளப் பயிற்சியின் நோக்கமே மாறிற்று: வண்டியை அடக்கும் வித்தையைக் காட்டிலும், அடங்காத வண்டி எத்தன்மையது என்பதைக் காட்டுவது முதன்மை பெற்றது. 2009 முதல் அதனுடன், மது, களைப்பு முதலியவற்றைப் பற்றிய பகுதியும் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டது.

தன்னம்பிக்கையே தீது என்று இவற்றிலிருந்து முடிவு கட்டுவோர் உண்டு. அது சரியன்று. தன்னை அளவுக்கு மீறித் தாழ்வாக எண்ணுபவர், பரீட்சையில் தேறிய பின்பும் லைசென்ஸைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு ஆயுள் முழுவதும் பிறர் ஓட்டும் வண்டியில் உட்கார்ந்து செல்வதை நாம் எல்லாரும் கண்டிருக்கிறோம்; அவர்களுள் பெண்களே மிகுதி என்பதையும், அந்த அச்சத்தை உண்டாக்கியது பெரும்பாலும் அவர்களுடைய கையின் குறையன்று, பக்கத்தில் உட்கார்ந்தவர்களின் வாயே என்பதையும் சொல்லியாக வேண்டும். நடுச் சாலையில் தயங்கி நிற்பதும் ஆபத்துதான். தேவைப்படுவது கூடுதலோ குறைவோ இல்லாத நம்பிக்கை. அதாவது, கையின் திறமும் அதைப் பற்றிய மதிப்பும் ஒன்றோடொன்று பொருந்தியிருப்பது. அனுபவத்தாலும் மேற்பயிற்சியாலும் இப்பொருத்தம் தானே உண்டாகிவிடும் என்று எண்ணவும் இடமில்லை. 2004-இல் இங்கிலாந்தில், உயர்தரப் பயிற்சி பெற்ற போலீஸ் சாரதிகளை ஆராய்ந்தபோது, தம்மைப் பிறரினும் மேலாகக் கருதும் பிரமை அவர்களிடத்திலும் மற்றவர்களிடத்தில் உள்ளவாறே இருக்கக் கண்டார்கள்.

ஆகையால் இதைத் தனிப்பாடமாகவே கற்பிக்க வேண்டும் என்ற கருத்து வலுப்பெற்றது. பின்லாந்தின் துர்க்கு சர்வகலாசாலையைச் சேர்ந்த எஸ்கோ கெஸ்கினென், மிகா ஹடக்கா முதலியோர், கிரெகர்சனும் பிறரும் துணை நிற்க, சாரதிக் கல்வியின் இலக்குகளை ஒரு கட்டமாக வரைந்தனர். அதன் அடிப்படியில் வண்டியைக் கையாளுதல். அதன் மேல் போக்குவரத்துச் சூழ்நிலையை அறிதல். அதன் மேல் எங்கே, எதற்காக, யாருடன் செல்கிறோம் என்பது. உச்சியில் அம்மனிதனின் வாழ்க்கை நோக்கங்களும் சுபாவமும். ஒவ்வொரு படியிலும் அறிவும் திறமையும் ஒரு பத்தி, அபாயத்தைப் பெருக்கும் காரணங்கள் ஒரு பத்தி, தன்னைத் தானே மதிப்பிடுதல் மூன்றாம் பத்தி. 1935-இன் பரீட்சகர் ரெயில்வே ஸ்டேஷன் வாசலில் நின்று பார்த்தவை யாவும் இக்கட்டத்தின் கீழ்மூலையில் அடங்கிவிடுகின்றன.

அளக்கும் முறையும் செம்மையடைந்தது. நெதர்லாந்தில் சாஸ்கியா டி கிரான் என்னும் ஆராய்ச்சியாளர், நேராகக் கேட்பதை விட்டு, சாலைக் காட்சிகளின் புகைப்படங்களைக் காட்டி, "இங்கே எந்த வேகத்தில் செல்வீர்கள்?" என்று மாத்திரம் கேட்டார். அப்படங்கள் இரண்டிரண்டாக எடுக்கப்பட்டவை. ஜோடியில் ஒன்று மற்றதைப் போலவே இருக்கும், நிலைமையைச் சிக்கலாக்கும் ஒரே ஓர் அம்சம் மட்டும் அதில் கூடுதலாயிருக்கும். அவற்றை அடுத்தடுத்துக் காட்டாமல் கலந்து காட்டுவார்கள். அந்த ஓர் அம்சத்தைக் கண்டதும் வேகத்தைக் குறைத்துச் சொல்பவர் நிலைமைக்கேற்பத் தம்மைப் பொருத்திக்கொள்பவர்; குறைக்காதவர் தம்மைப் பற்றி வாயால் எவ்வளவு அடக்கமாகப் பேசினாலும் அடக்கம் அவர் காலில் இல்லை. மற்றொன்றும் இவருடைய ஆராய்ச்சியில் வெளியாயிற்று. பழகிய சாரதிகளோடு ஒப்பிட்டுச் சொல்லச் சொன்னால் புதியவர்கள் தம்மைத் தாழ்த்தியே கூறுகிறார்கள். தாம் புதியவர் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அவர்களுடைய மதிப்பைப் பரீட்சகரின் மதிப்போடு வைத்துப் பார்க்கும்போதுதான் மிகை தென்படுகிறது. எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்து ஒரே மனிதன் விநயமுள்ளவனாகவும் மிகைநம்பிக்கை கொண்டவனாகவும் தோன்றுகிறான் என்பதால், இத்துறையின் பழைய கணக்குகள் பலவற்றை மறுபடியும் எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இன்று பின்லாந்திலும் நெதர்லாந்திலும் சுயமதிப்பு பரீட்சைக்குள்ளேயே இடம் பெற்றுவிட்டது. நெதர்லாந்தில் இது 2008-இல் வந்தது. ஓட்டிக் காட்டுவதற்கு முன் மாணவர் ஒரு தாளை நிரப்புகிறார்: எந்தெந்த வேலைகளில் தமக்குத் தேர்ச்சி உண்டு, எவற்றில் இன்னும் தடுமாற்றம் என்பதைத் தம் கையாலேயே குறிக்கிறார். அத்தாளுக்கு மதிப்பெண் இல்லை. அதில் தம்மை உயர்த்தி எழுதினாலும் தாழ்த்தி எழுதினாலும் தேறுவதும் தவறுவதும் சாலையில் ஓட்டிய விதத்தைப் பொறுத்ததே. வண்டி திரும்பி வந்து நின்றபின், அந்தத் தாளைப் பரீட்சகர் பேச்சுக்கு ஆதாரமாக எடுத்துக்கொள்கிறார். நாற்சந்தியில் நன்றாகச் செல்வேன் என்று மாணவர் எழுதியிருந்து, அன்று நாற்சந்தியில் தயங்கியிருந்தால், அந்த இடத்தைச் சுட்டிக்காட்டி அதைப் பற்றியே இருவரும் பேசுகிறார்கள்.